ஒப்பந்த வேலையில் இருக்கும்போது கருவுற்றிருக்கிறேன். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் மகப்பேறுப் பலன் கிடைக்காதா?

நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. வேலந்தாவளத்திலிருந்து கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறீர்கள். கம்பெனியின் நேரடி ஆள் இல்லை, கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவர். சென்ற நவம்பரில் போட்ட பதினொரு மாத ஒப்பந்தம் வரும் செப்டம்பர் 30 அன்று முடிகிறது. இப்போது நான்காம் மாதம். ஜனவரி நடுவில் பிரசவ தேதி குறித்திருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கு எதுவும் கிடையாது என்று உடன் வேலை செய்யும் பெண்ணிடம் மேற்பார்வையாளர் சொன்னதைக் கேட்டுக் கலங்கியிருக்கிறீர்கள். வீட்டில் "எதற்கு வம்பு" என்கிறார்கள். தலைப்பிரசவம் பொள்ளாச்சியில் தாய்வீட்டில் என்று முடிவாகியிருப்பதால், கேரளத்தில் வேலை செய்துவிட்டுத் தமிழ்நாட்டில் பிரசவித்தால் சிக்கல் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மேற்பார்வையாளர் சொன்னது சரியல்ல. ஒப்பந்தம் செப்டம்பரில் முடிந்தாலும் உங்களுக்குரிய மகப்பேறுப் பலன் முடிந்துபோவதில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அதே தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் கான்ட்ராக்டர் ஆளாக இருந்தபோதுதான் நானும் கருவுற்றேன். இப்போது சிறு நிறுவனங்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்குத் தாக்கல் செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆகவே இந்த விஷயத்தை மேசையின் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு இஎஸ்ஐ பிடித்தம் இருக்க வேண்டும். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். பதினாலாயிரம் சம்பளம் என்றால் உங்கள் சீட்டில் 105 ரூபாய் பிடித்திருப்பார்கள். அந்த 105 ரூபாயை அற்பமாக நினைக்காதீர்கள். உங்களுடைய இருபத்தாறு வாரச் சம்பளம் அதில்தான் நிற்கிறது.

இஎஸ்ஐயில் மகப்பேறுப் பலன் பெற, பிரசவம் நடக்கும் பலன் காலத்துக்கு (பலன் கிடைக்கும் ஆறு மாதத்துக்கு) முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் சேர்த்து 70 நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருந்தால் போதும். பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஜனவரி முதல் ஜூன் வரையிலான பலன் காலத்துக்கு, அதற்கு முந்தைய செப்டம்பருடன் முடியும் இரண்டு காலங்களையும் பார்ப்பார்கள். நீங்கள் நவம்பரிலிருந்து செப்டம்பர் வரை வேலை செய்திருப்பீர்கள் என்பதால் எழுபது நாளை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். பிரசவம் கொஞ்சம் முந்தி டிசம்பர் கடைசியில் நிகழ்ந்தாலும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான நாட்களே போதுமானவை. பிரசவ நாளில் நீங்கள் யாரிடம் வேலையில் இருக்கிறீர்கள் என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. பணம் இஎஸ்ஐ கழகத்திலிருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். கான்ட்ராக்டரின் தயவு அதற்குத் தேவையில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை இன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள். பிடித்த பணத்தைக் கான்ட்ராக்டர் உண்மையாகவே கட்டியிருக்கிறாரா என்பதை உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு இஎஸ்ஐ இணையதளத்திலோ உமங் செயலியிலோ மாதவாரியாகப் பார்க்கலாம். எங்கள் அலுவலகத்துக்கு வரும் பெண்களில், சீட்டில் பிடித்தம் இருந்தும் இணையத்தில் மாதம் விடுபட்டிருப்பதைக் கண்டு திகைத்தவர்கள் உண்டு. அப்படி இருந்தால் கான்ட்ராக்டரிடம் மட்டும் கேட்டு ஓய்ந்துவிட வேண்டாம். கான்ட்ராக்டர் ஆட்களுக்கான பங்களிப்பையும் முதலில் செலுத்த வேண்டிய பொறுப்பு, அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் முதன்மை நிறுவனத்துக்கே உண்டு என்பது இஎஸ்ஐ சட்டத்தின் ஏற்பாடு. கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கம்பெனிக்கே பொறுப்பு வரும் என்பதால் பெரும்பாலும் அவர்களே கான்ட்ராக்டரை விரட்டிக் கட்டவைப்பார்கள்.

இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கும், சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்களுக்கும் நிறுவனமே பணம் கொடுக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் இதைச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்தச் சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டது, அடிப்படைக் கணக்கு மாறவில்லை. எதிர்பார்க்கப்படும் பிரசவ தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன் எட்டு வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. நிறுவனம் இலவச மருத்துவ வசதி தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவத் தொகையும் சேரும். வாரத்துக்கு ஆறு நாள் என்று கணக்குப் போட்டுக் குறைத்துக் கொடுக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு எழுந்தது நம் பக்கத்து ஆனைமலையில், ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண் தனக்குக் குறைத்துக் கொடுத்த பணத்தைக் கேட்டதால்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஓர் இடைவெளி உண்டு. முதல்முறையாக இஎஸ்ஐயில் சேருபவருக்குப் பலன் காலம் தொடங்கவே ஒன்பது மாதம் ஆகும். ஜூனில் சேர்ந்து பிப்ரவரியில் பிரசவிக்கும் பெண்ணுக்கு இஎஸ்ஐ அலுவலகம் "உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை" என்று சொல்லும். நிறுவனமோ "நீங்கள் இஎஸ்ஐ ஆள், எங்களிடம் கேட்காதீர்கள்" என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் பல பெண்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். இஎஸ்ஐ தகுதி வரும்வரை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். உங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தும் என்பதற்காக எழுதினேன்.

இனி ஒப்பந்தம் முடிவதைப் பற்றி. டெல்லி அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்த மருத்துவராக இருந்த கவிதா யாதவ், 2017 ஜூன் 1 முதல் மகப்பேறு விடுப்புக் கேட்டார். ஜூன் 11 அன்று ஒப்பந்தம் முடிந்துவிடுவதால் பதினொரு நாள்தான் தர முடியும் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2023 ஆகஸ்ட் 17 அன்று வந்த தீர்ப்பில், தகுதி பெற்ற பெண்ணுக்கு ஒப்பந்தக் காலத்தைத் தாண்டியும் முழுப் பலனும் கொடுத்தாக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே, 2000இல், டெல்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் (தினக்கூலிப் பதிவேடு) பெண் தொழிலாளர்கள் வழக்கில், தினக்கூலிகளுக்கும் மகப்பேறுப் பலன் உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ஆகவே "கான்ட்ராக்ட் ஆளுக்குக் கிடையாது" என்று இனி யாராவது சொன்னால், அது அவருடைய சொந்தக் கருத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கசப்பான பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பலனைக் கொடு என்று கட்டாயப்படுத்தும் சட்டம், ஒப்பந்தத்தைப் புதுப்பி என்று கட்டாயப்படுத்துவதில்லை. செப்டம்பர் 30க்குப் பிறகு உங்களை மீண்டும் எடுக்காவிட்டால், கர்ப்பம்தான் காரணம் என்று நிரூபிப்பது கடினம். மேலும், பிரசவத்துக்கு முன் எட்டு வாரத்துக்கு மட்டுமே பலன் என்பதால், உங்கள் இருபத்தாறு வாரம் நவம்பர் இரண்டாம் பாதியில்தான் தொடங்கும். அக்டோபர் முழுவதும், நவம்பர் முன்பாதியும் வருமானமில்லாத காலமாக இருக்கக்கூடும். அதற்கு இப்போதிருந்தே ஏதேனும் ஒதுக்கி வையுங்கள்.

கருவுற்றிருப்பதை நிறுவனத்திடம் சொல்லலாமா, மறைக்கலாமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. உங்கள் வேலை ரசாயனத்தோடோ, பாரம் தூக்குவதோடோ, இரவு ஷிப்டோடோ சம்பந்தப்பட்டது என்றால் நாளைக்கே சொல்லுங்கள். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. அப்படி இல்லையென்றால், இஎஸ்ஐ சரியாகக் கட்டப்பட்டிருக்கும் பெண்ணுக்குச் சற்றுப் பொறுக்க இடமுண்டு, ஏனெனில் அவருடைய பலன் நிறுவனத்திடம் சொன்ன தேதியைப் பொறுத்ததல்ல. நிறுவனமே பணம் கொடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர் மட்டும் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். என் விருப்பத்தைக் கேட்டால், ஆகஸ்டுக்குள் எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது என்பேன். தெரியப்படுத்திய பிறகு நீக்கினால் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கும். தெரியாமலே ஒப்பந்தம் முடிந்தால் அதுவும் இருக்காது.

வாயால் சொன்னது எங்கும் நிற்காது. பிரசவம் எதிர்பார்க்கப்படும் தேதி, விடுப்புத் தொடங்கும் தேதி, அந்தக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்ய மாட்டேன் என்ற உறுதி, பணம் பெறுவதற்கான நியமனதாரர் (நாமினி) பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலை இணைத்து, கான்ட்ராக்டருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என்று கொடுங்கள். உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். மறுத்தால், சேர்ப்பித்ததற்கான சான்றோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஒருவேளை கடிதம் கொடுக்கத் தவறினாலும் அதனாலேயே பலன் பறிபோகாது; ஆனால் காகிதம் கையில் இருக்கும் பெண்ணிடம் பேசும் தொனியே வேறு என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கருவுற்றிருப்பதை நான் தெரிவித்த சில நாட்களில், நாங்கள் சேச்சி என்று அழைக்கும் சூபர்வைசர் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுகிறேன் என்பதுதான் அதன் சாரம். என் பெயர் பேனாவால் நிரப்பப்பட்டிருந்தது. தேதிக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. "ஒரு ஒப்பு போட்டால் போதும், பாக்கி எல்லாம் ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். அவர் கெட்ட மனம் கொண்டவர் அல்லர். அவரும் கான்ட்ராக்டரின் ஆள்தான், மேலிருந்து சொன்னதைச் செய்தார். வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டேன், திருப்பிக் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. இஎஸ்ஐ பணம் முழுதாக வந்தது.

அந்த மாதிரித் தாள் உங்கள் முன்னும் வரக்கூடும். ராஜினாமாக் கடிதம் இஎஸ்ஐ பலனைப் பறிக்காது என்றாலும், நிறுவனம் கொடுக்க வேண்டிய பணத்தையும், நீக்கத்தை எதிர்த்துக் கேட்கும் வாய்ப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விடும். தேதி இல்லாத தாளில், வெற்றுத் தாளில், படித்துப் புரியாத தாளில் தயவுசெய்து கையொப்பமிடாதீர்கள். ஒப்பந்தம் தானாகவே முடியும் என்றால், அதற்கு ஏன் உங்கள் ராஜினாமா தேவைப்படுகிறது என்று நிதானமாகக் கேளுங்கள்.

வீட்டில் வம்பு என்று அஞ்சுவது இயல்புதான். ஆனால் இஎஸ்ஐ விண்ணப்பம் வழக்கு அல்ல; நீங்களும் கட்டிய காப்பீட்டைக் கேட்டு வாங்குவது. மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் அப்படியே சொல்லிப் பாருங்கள். நிறுவனத்தின் மேல் புகார் கொடுக்க நேர்ந்தால், வேலை செய்த இடம் கேரளம் என்பதால் பாலக்காட்டுத் தொழிலாளர் துறைக்கே போக வேண்டும். எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் வீடு இருப்பவர்கள் கோயம்புத்தூர் அலுவலகத்துக்குப் போய் நாட்களை இழக்கிறார்கள்.

பொள்ளாச்சிப் பிரசவத்தில் சிக்கல் எதுவும் இல்லை. இஎஸ்ஐ காப்பீட்டு எண் நாடு முழுதும் ஒன்றுதான். கோவை சிங்காநல்லூரில் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. அங்கே பார்த்துக்கொள்ள விரும்பினால், ஏழாம் மாதத்துக்கு முன்பே உங்கள் கிளை அலுவலகத்தில் கேட்டு மருந்தகத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனையில் பிரசவித்தாலும் சம்பளப் பலன் வரும். மருத்துவரின் பிரசவச் சான்றிதழை மட்டும் பத்திரமாக வாங்கி வையுங்கள். இஎஸ்ஐ வசதி இல்லாத இடத்தில் பிரசவம் நடந்தால் செலவுக்கென 7,500 ரூபாயும் உண்டு. தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கானது என்பதால், உங்கள் ரேஷன் கார்டும் ஆதாரும் கேரள முகவரியில் இருந்தால் அதை எதிர்பார்க்க வேண்டாம். தலைப்பிரசவத்துக்கான மத்திய அரசின் மாத்ரு வந்தனா உதவி, இதுபோன்ற பலனை வேறு சட்டத்தின் கீழ் பெறுபவர்களுக்கு இல்லை என்பதால், உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் ஊர் அங்கன்வாடியில் கேட்டுப் பாருங்கள்.