அப்பாவின் பைக்கிலிருந்தே தொடங்கலாம்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாராம். அப்பாவிடம் 12 வருடப் பழைய 100 சிசி பைக் ஒன்று இருக்கிறது. "என்ஜின் வேலை பழக ஆசை. வீடியோ பார்த்து என்ஜினைக் கழற்றிப் பார்க்கலாமா? இல்லை கராஜில் சேர்வதா, கோர்ஸ் படிப்பதா? அம்மா அது ஊத்தை வேலை என்கிறா."

கழற்ற வேண்டாம் தம்பி, இப்போதைக்கு. ஸ்பானர் வைத்திருக்கிற எவரும் கழற்றலாம். என்ஜினைத் திறக்காமலே உள்ளே என்ன கோளாறு என்று சொல்கிறவரைத்தான் கராஜில் பாஸ் என்று கூப்பிடுவார்கள். முதல் மூன்று மாதம் அதைப் பழகுங்கள்.

பைக் என்ஜின் காற்றையும் பெற்றோலையும் உறிஞ்சும், நெரிக்கும், வெடிக்கும், புகையை வெளியே தள்ளும். இந்த நாலு அடிக்குள் (ஸ்ட்ரோக்), பிஸ்டனோடு சேர்ந்து சுழல்கிற கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிடும். அது ஸ்டார்ட் ஆக மூன்று விஷயம் வேண்டும்: சரியான கலவை, அதை நெரிக்கும் அமுக்கம், சரியான நேரத்தில் ஒரு பொறி. "ஸ்டார்ட் ஆகுதில்லை" என்று தள்ளிக்கொண்டு வருகிற எந்த பைக்கிலும் இந்த மூன்றில் எது குறைகிறது என்று தேடுவதுதான் வேலை.

முதலில் அந்தப் பொறியைத் தருகிற பிளக்கைப் பாருங்கள். என்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள், துடைக்காவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் விழும். நுனி பிஸ்கட் நிறமென்றால் எல்லாம் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூட, அல்லது காற்றுக் குறைவு. கொழும்புத் தூசிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஏர் பில்டரைத்தான். ஒயில் பிசுபிசுத்தால் பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வ் சீல் வழியாகவோ ஒயில் உள்ளே போகிறது. சைலன்சரில் நீலப் புகையும் வரும். நுனி வெளிறி வெந்துபோயிருந்தால் என்ஜின் அளவுக்கு மிஞ்சிச் சுடுகிறது. இதையெல்லாம் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பிளக்கைத் திரும்பப் பூட்டும்போது ஸ்பானரைத் தொடாமல் விரலால் தொடங்குங்கள். பிளக் ஏறுகிற சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக்கின் மரை இரும்பு. கோணலாக ஏறினால் தோற்பது அலுமினியம்தான். நான் பழகிய காலத்தில், அயல்வீட்டு அண்ணை ஒருவரின் பைக்குக்கு ஒயில் மாற்றப் போனேன். வடிக்கிற போல்ட்டை, "நல்லா இறுகட்டும்" என்று முழுப் பலத்தோடு இழுத்தேன். மரை உருண்டு போல்ட் கையோடு வந்துவிட்டது. திருத்திக் கொடுக்க என் இரண்டு மாதச் சம்பளம் போனது. அண்ணை அதற்குப் பிறகும் என்னோடு பேசினார், ஆனால் பைக்கைத் தரவில்லை.

ஒயில் மாற்றுவது லேசான வேலை. என்ஜினை மூன்று நாலு நிமிடம் ஓடவிட்டு, ஒயில் இளகியதும் வடித்து, போல்ட்டுக்குப் புது வோஷர் போட்டு, கையேட்டில் சொன்ன அளவு ஊற்ற வேண்டும். ஆனால் கார் ஒயில் மலிவாகக் கிடைத்தது என்று ஊற்றிவிடாதீர்கள். கியர் பைக்குகளில் பெரும்பாலும் கிளச் அந்த ஒயிலுக்குள்தான் முங்கியிருக்கும். உராய்வைக் குறைக்கவென்று சில கார் ஒயில்களில் சேர்க்கும் இரசாயனம் கிளச்சை வழுக்க வைக்கும். போத்தலில் ஜாஸோ எம்ஏ (JASO MA) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், கிளச் வழுக்காத பைக் ஒயிலுக்கான தர அடையாளம் அது. ஸ்கூட்டருக்கென்றால் எம்பி. எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என்று கையேட்டிலேயே இருக்கும். ஆனால் காலி வீதி நெரிசலில் மீற்றர் நகராவிட்டாலும் என்ஜின் ஓடிக்கொண்டேயிருக்கும் இல்லையா? அதனால் நான் கொஞ்சம் முந்தியே மாற்றச் சொல்வேன்.

அப்புறம் வோல்ட் அளக்க ஒரு மல்டிமீற்றர் வாங்குங்கள், மலிவானதே போதும். இரவு முழுக்க ஓய்ந்திருந்த பற்றரியில் 12.6 வோல்ட் அளவு இருந்தால் அது முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கிறது. என்ஜினைக் கொஞ்சம் முறுக்கி ஓடவிட்டுப் பார்த்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் பற்றரிக்குச் சார்ஜ் போகவில்லை. பற்றரியை மாற்றி மாற்றிக் காசைக் கரைக்கிற எத்தனையோ பேருக்கு இந்த ஒரு அளவு தெரியாது.

கொழும்பில் இருக்கிறபடியால் மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் ஓடி பைக் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்கவோ கிக் பண்ணவோ வேண்டாம். காற்றை நெரிக்கலாம், தண்ணீரை நெரிக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால், அதைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ரொட் வளையும், அதோடு பெரிய செலவு. தள்ளிக்கொண்டு வந்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, மெதுவாகக் கிக் பண்ணித் தண்ணீரை வெளியே எடுங்கள். தண்ணீர் கலந்து ஒயில் பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் அதை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

பிரேக்கில் மட்டும் தனியாகக் கைவைக்காதீர்கள். முதல் இரண்டு தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். பூட்டிய அறைக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. பழைய ஆட்கள் பெற்றோலில் கை கழுவுவார்கள், அந்தப் பழக்கம் வேண்டாம். வடித்த ஒயிலை வடிகானுக்குள் ஊற்றாமல் போத்தலில் அடைத்து கராஜில் கொடுங்கள். பிறகு கார் வேலைக்கு வந்தாலும், ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் நிற வயரைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். பிரியஸ் ஒன்றின் பெரிய பற்றரியே 200 வோல்ட்டுக்கு மேல்.

சாமான் வாங்க பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகும்போது பழைய சாமானைத் துடைத்துக் கையோடு கொண்டு போங்கள். பைக்கின் வருடத்தையும் செசி நம்பரையும் போனில் படமெடுத்து வையுங்கள். முதல் கடையில் வாங்காமல் மூன்று கடையில் விலை கேளுங்கள். "ஒரிஜினலா?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். ஒரிஜினல் என்ன விலை, மற்றது என்ன விலை என்று கேட்டால் இரண்டும் மேசைக்கு வரும்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இடையில் இந்த ஊரில் ஓடியது பெரும்பாலும் பழைய வண்டிகள்தான். அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்களுக்கு வேலை குறையவில்லை. ஊத்தை சவர்க்காரத்தோடு போய்விடும்.

கராஜா, கோர்ஸா என்ற கேள்விக்கு என் பதில் இரண்டும்தான். பெறுபேறு வரும்வரை வீட்டுக்குக் கிட்ட உள்ள சின்னக் கராஜ் ஒன்றில் கேட்டுப் பாருங்கள். முதல் மாதம் தேநீர் வாங்கவும் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கவும்தான் விடுவார்கள், கோபிக்காதீர்கள். 12ஆம் நம்பர் ஸ்பானருக்கும் 13க்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரிவது அப்படித்தான். நான் வேலை செய்த கராஜ்களில் பேச்சு சிங்களம், சாமான்களின் பெயரோ ஆங்கிலம். இரண்டும் காதில் விழுந்தே பழகிவிடும்.

பெறுபேறு வந்ததும் காலி வீதியிலுள்ள ஜேர்மன் டெக் (இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம்), ஒருகொடவத்தை ஓட்டோமொபைல் பயிற்சி நிறுவகம், மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி மூன்றிலும் விசாரியுங்கள். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ், அதாவது என்விக்யூ, எத்தனையாம் மட்டத்துக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். கராஜிலேயே தங்கிவிட்டாலும் பரவாயில்லை. வேலை அனுபவத்தைப் பரிசோதித்து அதே சான்றிதழ் தருகிற வழி, தொழில் பழகுநர் பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவில் (NAITA) இருக்கிறது. அதற்கு அந்தக் கொப்பியும் கைகொடுக்கும். எங்கே விண்ணப்பித்தாலும் வகுப்பு எந்த மொழியில் நடக்கிறது என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள், சேர்ந்த பிறகு கேட்காதீர்கள்.