அப்டேட்டுக்குப் பிறகு கணினி எழவில்லையா? ஃபார்மட்டுக்குத் தலையாட்டாதீர்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது விண்டோஸ் 11 மடிக்கணினி. ராத்திரி 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' கொடுத்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஆன் செய்தால் லோகோ வருகிறது, வட்டம் சுற்றுகிறது, 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று ஒரு வரி தெரிகிறது, மறுபடியும் லோகோ. இதே சுற்றுதான். பழுது பார்ப்பவரிடம் போனில் சொன்னேன். "விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது, ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போட வேண்டும்" என்கிறார். உள்ளே குடும்பப் படங்களும் பல வருடக் கணக்குகளும் இருக்கின்றன. வேறு எங்கும் நகல் இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கணினியைக் கண்ணால் பார்க்காமலே போனில் ஃபார்மட் என்று தீர்ப்புச் சொல்பவர் தன் நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்கிறார், அவ்வளவுதான். ஃபார்மட் அவருக்குச் சுலபம். போவது உங்கள் படங்கள்.

லோகோ தெரிகிறது, ஆட்டோமேட்டிக் ரிப்பேர் வரை போகிறது என்றால் திரை, மெமரி, மதர்போர்டு எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. டிஸ்க்கையும் கணினி படிக்கிறது. அப்டேட் மாற்றுவது விண்டோஸின் சொந்தக் கோப்புகளைத்தான். உங்கள் படங்கள் இருக்கும் ஃபோல்டர் பக்கம் அதற்கு வேலை இல்லை. ஆக, பாதியில் நின்றுபோன அல்லது தப்பாகப் போய் உட்கார்ந்த அப்டேட்டைக் கழற்றிவிட்டால் போதும். அதற்கான வழியை விண்டோஸே வைத்திருக்கிறது. என்ன, அதை நான்கு மெனுவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது.

சார்ஜரைச் செருகுங்கள். பென்டிரைவ், பிரிண்டர், மெமரி கார்டு என்று மாட்டியிருக்கும் மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். சில நேரம் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். தீராவிட்டால் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி ஆன் செய்து, வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் மீண்டும் அதேபோல அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாக நீலத் திரை மெனுவுக்கு வந்துவிடும். (திரையில் 'அப்டேட் நடக்கிறது, 35 சதவீதம்' என்று இருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள். இரண்டு மணி நேரமாவது அப்படியே விட்டுவிட வேண்டும். உங்கள் கதை அது இல்லை.)

மெனுவில் 'ட்ரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. அங்கே இரண்டு பொத்தான்கள் இருக்கும். மாதாமாதம் வரும் சின்ன அப்டேட்டை நீக்க 'குவாலிட்டி அப்டேட்'. வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்தை நீக்க 'ஃபீச்சர் அப்டேட்'. முதலில் குவாலிட்டியை முயலுங்கள். இரண்டாவதற்குக் கெடு உண்டு. சாதாரணமாகப் பத்து நாளைக்குள் செய்தால்தான் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியும். நீங்கள் நேற்றுதானே போட்டீர்கள், கவலை இல்லை. நீக்கும் வேலை அரை மணி நேரம்கூட இழுக்கும். பொறுமை போய் நடுவில் பவரை அணைத்துவிடாதீர்கள்.

அது கைகொடுக்காவிட்டால் அதே மெனுவில் 'சிஸ்டம் ரெஸ்டோர்' இருக்கிறது. அப்டேட்டுக்கு முந்தைய தேதி பட்டியலில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சொந்தக் கோப்புகளை அது தொடாது. 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்பதையும் ஒருமுறை முயலலாம், பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம்.

'ரீசெட் திஸ் பிசி' என்று ஒன்று கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்ற வழி உங்கள் கோப்புகளை விட்டுவைத்தாலும், நீங்களாகப் போட்ட மென்பொருள்களை எல்லாம் நீக்கிவிடும். பக்கத்திலேயே இருக்கும் 'ரிமூவ் எவ்ரிதிங்' எதையுமே விட்டுவைக்காது. பதற்றத்தில் இருக்கும் ஒருவர் முன்னால் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைக்கலாம் என்று யோசித்தவர்களை என்ன சொல்ல.

இனி முக்கியமான விஷயம். இந்தப் படிகளில் எங்காவது கணினி உங்களிடம் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கலாம். அதுதான் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் ரெக்கவரி கீ. 'நான் பூட்டே போடவில்லையே' என்பீர்கள். நீங்கள் போட்டிருக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு விண்டோஸ் 11 மடிக்கணினியை முதன்முதலாகத் தயார் செய்தபோதே டிஸ்க் பெரும்பாலும் சத்தமில்லாமல் பூட்டப்பட்டிருக்கும். சாவி கணினிக்குள் இருக்கும் ஒரு பாதுகாப்புச் சில்லில் இருக்கிறது. கணினி எழும் விதத்தில் ஏதாவது மாறியிருந்தால் அந்தச் சில்லு சந்தேகப்பட்டுச் சாவியைக் கொடுக்காது; அப்போதுதான் மாற்றுச் சாவியாக இந்த 48 இலக்க எண்ணைக் கணினி உங்களிடம் கேட்கும். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி, கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் அப்படி ஒரு மாற்றம். யூடியூபைப் பார்த்து பயாஸுக்குள் போய் 'செக்யூர் பூட்' என்ற எழும்நேரப் பாதுகாப்பை அணைப்பதும் அப்படித்தான். விண்டோஸ் அப்டேட்டே இந்தக் குழப்பத்தைக் கிளப்பியதும் உண்டு: 2024 ஜூலை அப்டேட்டைப் போட்ட சில கணினிகள் எழும்போதே சாவியைக் கேட்டன, அடுத்த மாதம்தான் சரிசெய்தார்கள்.

ஆகவே மெனுவில் கை வைப்பதற்கு முன்பே போனில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் இந்தச் சாவியைத் தேடித் தாளில் எழுதி வையுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், கணினி சாவி கேட்கும் திரையில் தெரியும் 'கீ ஐடி'யின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்போவதுதான் உங்களுடையது.

சாவி அங்கே இல்லையே என்றால்? இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மடிக்கணினியை முதல் நாள் தயார் செய்தது யார் என்று யோசியுங்கள். மகன் தன் கணக்கில் தொடங்கியிருப்பான், சாவி அவன் கணக்கில் இருக்கும். விற்றவர் 'எல்லாம் ரெடி செய்து தருகிறேன்' என்று தன் கணக்கையோ, அவசரத்துக்கு உருவாக்கிய ஏதோ ஒரு மின்னஞ்சலையோ போட்டிருப்பார், சாவி அங்கே போயிருக்கும். அலுவலகம் கொடுத்த கணினி என்றால் அவர்களுடைய ஐடி பிரிவிடம் இருக்கும். பழையதாக வாங்கியது, முந்தைய உரிமையாளரின் கணக்கோடு வந்தது என்றால் அவரைத்தான் தேட வேண்டும். எங்குமே கிடைக்கவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட்டே உங்களுக்கு வேறு சாவி செய்து தர முடியாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அது பூட்டியேதான் இருக்கும். யாரையும் கேட்காமல் பூட்டுகிறார்கள், சாவி எங்கே போகிறது என்று உரக்கச் சொல்வதில்லை, கணினி படுத்த பிறகு எண் கேட்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தணியவில்லை.

இந்த இடத்தில்தான் 'சாவியை உடைத்துத் தருகிறேன்' என்று ஆள் வருவார். அப்படி உடைக்க முடியாது, பணம் கொடுக்காதீர்கள். 'முதலில் ஃபார்மட் செய்வோம், பிறகு ரெக்கவரி மென்பொருள் போட்டுப் படங்களை எடுத்துக்கொள்ளலாம்' என்பவரையும் நம்பாதீர்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் அது ஓரளவு நடந்தது. இப்போதைய எஸ்எஸ்டியில் ஃபார்மட் ஆனதுமே 'இந்த இடமெல்லாம் காலி' என்று டிஸ்க்குக்குத் தகவல் போய்விடும், அது உள்ளிருப்பதைத் துடைத்துவிடும். இணையத்தில் தேடும்போது கிடைக்கும் 'உதவி எண்'களும் இதே ரகம்தான். மைக்ரோசாஃப்ட்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது. எண் இருந்தால் அது மோசடி. எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே உங்கள் திரையைப் பார்த்து இயக்க விடும் செயலி) போடுங்கள், போனைப் பார்க்க அனுமதியுங்கள் என்று கேட்டால் அந்த நொடியே துண்டித்துவிடுங்கள்.

ஃபார்மட் இல்லாமல் தீராது என்பவருக்கு 2024 ஜூலை 19-ஐ நினைவுபடுத்துங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. விமான நிலையங்கள், மருத்துவமனைகள் எல்லாம் திணறின. மருந்து என்ன? சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும் நிலையில், நுழைந்து ஒரு கோப்பை அழிப்பது. அங்கேயும் ஆட்களை வாட்டி எடுத்தது பிட்லாக்கர் சாவியைத் தேடும் வேலைதான்.

மேசைக் கணினிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் அப்டேட் ஒன்று இந்த நீல மெனுவுக்குள் யூஎஸ்பி விசைப்பலகையையும் மவுஸையும் செயலிழக்க வைத்தது. மீட்க வைத்திருக்கும் இடத்திலேயே கையைக் கட்டிப் போட்டார்கள். சில நாளில் திருத்தம் வந்தது. மடிக்கணினியில் கூடவே வரும் விசைப்பலகை பெரும்பாலும் யூஎஸ்பி வழியில் இல்லாததால் நீங்கள் இதற்குப் பயப்பட வேண்டாம்.

மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை, ஆனால் சாவி கையில் இருக்கிறது என்றால் நேர்மையான ஒருவரிடம் போகலாம். போய், 'முதலில் என் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு எடுத்துக் கொடுங்கள், நான் திறந்து பார்க்கிறேன், அதன் பிறகு விண்டோஸில் கை வையுங்கள்' என்று சொல்லுங்கள். லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் போட்ட ஒரு பென்டிரைவால் கணினியைக் கிளப்பிக் கோப்புகளை வெளியே எடுப்பது தெரிந்தவருக்குச் சாதாரண வேலை. அதற்கு முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஃபார்மட்டுக்கு நீங்கள் சம்மதிக்கவில்லை என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கணினி எழுந்துவிட்டால் அதே உட்காரலில் படங்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போய் 'பாஸ்' (Pause, தற்காலிக நிறுத்தம்) கொடுங்கள்; ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கலாம். உங்களுக்கு இரண்டு வாரம் போதும். இல்லாவிட்டால் இன்று கழற்றிய அதே அப்டேட்டை நாளை ராத்திரி தானாகவே மறுபடி ஏற்றிவிடும்.