பழைய ஈ.வி. வாங்கப் போகிறீர்களா? முதலில் பேட்டரி, அப்புறம் பிளக் பாயிண்ட்

கேள்வி: தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். போக வர 45 கி.மீ. ஆகிறது. பெட்ரோல் செலவு தாங்கவில்லை. 2023-இல் வாங்கிய டாடா டியாகோ ஈ.வி. (மின்சாரக் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெரிய பேட்டரி மாடல், 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 5.80 லட்சம் கேட்கிறார்கள். "பேட்டரி போனால் கார் விலையே போச்சு" என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு இந்தக் கார் பொருத்தம்தான். தினம் 45 கி.மீ. என்பது இந்தப் பேட்டரிக்குப் பெரிய வேலையே இல்லை. டியாகோ ஈ.வி. இரண்டு பேட்டரிகளில் வந்தது: 19.2 கிலோவாட்-மணி, 24 கிலோவாட்-மணி. ஒரு கிலோவாட்-மணி என்பது உங்கள் இ.பி. பில்லில் வரும் ஒரு யூனிட். ஆக, உங்களுக்கு வந்திருப்பது 24 யூனிட் கொள்ளும் பேட்டரி. அறிமுகமானபோது இதற்கு 315 கி.மீ. என்று விளம்பரப்படுத்தினார்கள். அது சோதனைக்கூடக் கணக்கு. சென்னை வெயிலில் ஏ.சி. போட்டு, மேடவாக்கம் நெரிசலில் ஓட்டினால் 190 முதல் 200 கி.மீ. கிடைத்தாலே நல்ல கார். அதில் கால்வாசி தேய்ந்து போனாலும் உங்கள் ஆபீஸ் பயணம் தடைபடாது. ஆனால் தேய்ந்த பேட்டரிக்குப் புதுப் பேட்டரியின் விலை கொடுக்கக் கூடாது. அதனால் அளந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

டேஷ்போர்டில் "இன்னும் இத்தனை கி.மீ. ஓடும்" என்று தெரியும் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினாரோ அதை வைத்துக் கார் போடும் கணக்கு அது. விற்கிறவர் ஒரு வாரம் ஏ.சி. போடாமல் மெதுவாக ஓட்டியிருந்தாலே எண் அழகாக ஏறி நிற்கும்.

சரியான சோதனை இதுதான். முதல் நாள் இரவு சாதாரண சார்ஜரில், மெதுவாக, 100 சதவீதம் வரை சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இந்தக் காரில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. அதன் வோல்ட்டேஜ் நடுவில் அதிகம் ஏறி இறங்காது என்பதால், அடிக்கடி முழு சார்ஜ் போடாத காரில் சதவீதக் கணக்கு பிசகிப் போயிருக்கும். முழுசாக ஏற்றினால்தான் அது சரியாகும். காலையில் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, நீங்கள் தினமும் போகும் அதே சாலையில், ஏ.சி.யோடு, இரண்டு முறை போய் வாருங்கள். 90 கி.மீ. ஆகிவிடும். கி.மீ.க்கு எத்தனை வாட்-மணி செலவானது என்று கார் காட்டும். 120 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 90 கி.மீ.க்கு 10.8 யூனிட். இதற்குப் பேட்டரி 48 சதவீதம் இறங்கியிருந்தால், முழுப் பேட்டரியில் 22.5 யூனிட் இருக்கிறது. அது திருப்தியான நிலை. அதே 10.8 யூனிட்டுக்கு 56 சதவீதம் இறங்கியிருந்தால் பேட்டரியில் 19 சொச்சம்தான் மிச்சம். 38,000 கி.மீ. மட்டுமே ஓடிய காரில் இவ்வளவு தேய்மானம் என்றால் விலையை நன்றாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த காரைப் பார்க்க வேண்டும்.

அரை நாள் காரைத் தர விற்கிறவர் தயங்கலாம். அவரையும் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஒப்புக்கொள்ளாதவரிடம் ஆறு லட்ச ரூபாய்ப் பொருளை வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

இதோடு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் கேளுங்கள். அங்கேயே சேசிஸ் எண்ணைக் கொடுத்து, வாரண்டி இன்னும் உயிரோடு இருக்கிறதா, இரண்டாவது உரிமையாளருக்கும் அது மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்று சொல்லித்தான் இந்தக் காரை விற்றார்கள். வீட்டில் இருப்பவர்களின் பயத்துக்கு நியாயமான பதில் அந்தக் கடிதம்தான். சர்வீஸ் வெளியில் நடந்திருந்தாலோ, தண்ணீர் புகுந்திருந்தாலோ, வாரண்டிக்காகப் போகும்போது தகராறு வரும்.

தண்ணீர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. நீங்கள் பார்க்கும் கார் அதற்கு முன்பே ரோட்டுக்கு வந்திருக்கலாம். பேட்டரி பெட்டிக்கு ஐ.பி.67 பாதுகாப்பு உண்டு. அதன் பொருள், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் இருந்தால் உள்ளே தண்ணீர் போகாது என்பது. இரண்டு நாள் மூழ்கிக் கிடந்த காருக்கு அந்தச் சான்று உதவாது. அதனால் முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். காரைக் கழுவி பாலிஷ் போட்டுக் கொடுப்பவர்கள் பெல்ட்டின் கடைசி ஓரடியைக் கவனிப்பதில்லை. அங்கே காய்ந்த சேற்றுக் கோடு தெரிந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட் துருப்பிடித்திருக்கிறதா, மிதியடியைத் தூக்கினால் புழுங்கிய வாடை வருகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு வழி, இன்சூரன்ஸ் பாலிசி. கிளெய்ம் எதுவும் வாங்காமல் முதல் வருடம் முடிந்தால் நோ கிளெய்ம் போனஸ் (பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 20 சதவீதம், இரண்டாவது வருடம் முடிந்தால் 25. விற்கிறவர் பாலிசியில் அது பூஜ்யம் என்று இருந்தால், எதற்காக கிளெய்ம் வாங்கினார் என்று கேளுங்கள்.

சார்ஜிங் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உலோக முனைகள் பளபளவென்று இருக்க வேண்டும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அது சூடாகி ஓடியிருக்கிறது. காரோடு வந்த கையடக்க சார்ஜரின் 15 ஆம்பியர் பிளக்கையும் அதே போலப் பாருங்கள். பிளக்கின் ஒரு கால் மட்டும் கருத்திருந்தால் வீட்டு சாக்கெட் லூஸாக இருந்திருக்கிறது. அந்த சார்ஜரைக் காரோடு சேர்த்து வாங்க மறக்காதீர்கள், தனியாக வாங்கினால் கணிசமாகச் செலவாகும். டயர், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் வழக்கம்போல் ஒரு மெக்கானிக் பார்த்தால் போதும். கார் திடீரென்று "ஆன்" ஆகாமல் போனால் பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் காரணம். அது சில ஆயிரத்தில் முடிகிற வேலை, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

நம்பர் பிளேட்டையும் கவனியுங்கள். சொந்த உபயோக ஈ.வி.க்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கு ஓடிய வண்டி.

விலைக்கு வருகிறேன். 2022-இல் 8.49 லட்சத்தில் தொடங்கிய இந்தக் காரின் ஷோரூம் விலையை 2024 பிப்ரவரியில் 7.99 லட்சமாகக் குறைத்தார்கள். புதுக் காரின் விலை குறைந்தால் பழையதன் விலையும் இறங்கத்தான் வேண்டும். விற்கிறவர் தான் கொடுத்த பணத்திலிருந்து கணக்குப் போடுவார். நீங்கள் அதே மாடலின் இன்றைய ஆன்-ரோடு விலையைத் தள்ளுபடியோடு ஷோரூமில் எழுதி வாங்கி, அதிலிருந்து கணக்குப் போடுங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த ஃபிளாட். கார் நிறுத்த இடம் இருக்கிறது, ஆனால் அங்கே பிளக் பாயிண்ட் இல்லை. அசோசியேஷன் "யோசித்துச் சொல்கிறோம்" என்கிறது. காரை முதலில் எடுத்துவிடலாமா? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் வருகிறது. (வாசகி, பெருங்குடி)

பதில்: தயவுசெய்து காரை முதலில் எடுக்காதீர்கள். பிளக் பாயிண்ட் வந்த பிறகு கார். பொது சார்ஜிங் ஸ்டேஷனை மட்டும் நம்பித் தினசரி ஈ.வி. ஓட்டுவது காசையும் பொழுதையும் தின்னும். இரவில் தூங்கும்போது கார் சார்ஜ் ஆவதுதான் ஈ.வி.யின் முழு லாபமும்.

அசோசியேஷனிடம் பொது மீட்டரிலிருந்து கரண்ட் கேட்டால் "யார் கட்டுவது" என்று சண்டை வரும். அதைக் கேட்கவே வேண்டாம். உங்கள் ஃபிளாட்டுக்கான இ.பி. மீட்டர் தரைத்தளத்தில்தான் இருக்கும். அதிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை தனி லைன் இழுத்துக்கொள்கிறேன், செலவும் பில்லும் என்னுடையது என்று எழுத்தில் கொடுங்கள். மத்திய மின்துறை அமைச்சகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலேயே வண்டியை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்கின்றன. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள். ஆட்சேபம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தீ விபத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தாமல், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்), 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், ஒழுங்கான எர்த் என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் எழுதி வாங்கிக் காட்டுங்கள். எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டிவிட்டு வேலை செய்ய மறுத்துவிடும். பழைய கட்டடங்களில் இந்த எர்த் வேலைதான் நேரம் பிடிக்கும். உங்கள் பில்லில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்த்து, தேவைப்பட்டால் மின்வாரியத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது பில். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாதத்துக்கு 280 யூனிட் ஆகும். உங்கள் 400 இதோடு சேர்ந்து 680 ஆகிவிடும். ஈ.வி. விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டியதும் கணக்கே வேறு. 2024 ஜூலை கட்டணப்படி 501-லிருந்து 600 வரை யூனிட்டுக்கு ரூ.8.55, அதற்கு மேல் 800 வரை ரூ.9.65. கீழ்த்தட்டு யூனிட்டுகளுக்கான சலுகையும் குறையும். என் கணக்குப்படி உங்கள் பில் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் கூடும். அதாவது காருக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய். அப்படியும் கி.மீ.க்கு ரூ.1.25தான். அதே 2,000 கி.மீ.யைப் பெட்ரோல் காரில் ஓட்டினால் நகர நெரிசலில் 13,000 ரூபாய்க்கு மேல் போகும். லாபம் உறுதி, ஆனால் "கி.மீ.க்கு அம்பது பைசா" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: எம்.ஜி. காமெட் ஒன்று மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போய் வர 20 கி.மீ. போதும். ஏதாவது சிக்கல் இருக்குமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மூன்று மீட்டருக்கும் குறைந்த நீளம், 17.3 யூனிட் பேட்டரி. ஊருக்குள் 20 கி.மீ.க்கு அருமையான வண்டி, ராஜ வீதி மாதிரி இடத்தில்கூட நிறுத்த இடம் கிடைக்கும். டி.சி. ஃபாஸ்ட் சார்ஜிங் (பொது ஸ்டேஷனில் வேகமாக சார்ஜ் ஏற்றும் வசதி) கிடையாது என்பதால் ஊட்டி, பழனி என்று கிளம்ப நினைக்காதீர்கள்.

விலை மிகக் குறைவு என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2024 செப்டம்பரிலிருந்து இந்தக் காரைப் பேட்டரி வாடகைத் திட்டத்திலும் விற்றார்கள். காருக்கு 4.99 லட்சம், பேட்டரிக்கு ஓடுகிற ஒவ்வொரு கி.மீ.க்கும் ரூ.2.50 என்று அறிவித்தார்கள். அப்படி வாங்கிய கார் என்றால், பேட்டரி மேல் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் தனியாக இருக்கும். காரின் லோன் முடிந்துவிட்டது என்று விற்கிறவர் காட்டும் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) அதற்குப் பொருந்தாது. முதல் இன்வாய்ஸைக் கேளுங்கள், பேட்டரியோடு சேர்த்த முழு விலையா என்று அதில் தெரியும். வாடகைத் திட்டம் என்றால் அந்த நிறுவனத்திடமிருந்து பாக்கி இல்லை என்ற கடிதம் கைக்கு வரும் வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய ஈ.வி.யை நேரடியாக உரிமையாளரிடம் வாங்குவது நல்லதா, டீலரிடமா? டீலர் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு என்கிறார். (வாசகர், திருச்சி)

பதில்: அந்த 18 சதவீதம் முழு விலைக்கு இல்லை. 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் எடுத்த முடிவுப்படி, டீலர் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான் வரி. 5 லட்சத்துக்கு வாங்கி 5.50 லட்சத்துக்கு விற்றால், அந்த 50,000 ரூபாய்க்குத்தான் 18 சதவீதம். முழு 5.50 லட்சத்துக்கும் போட்டுக் கேட்டால் கொடுக்காதீர்கள். தனிநபரிடம் தனிநபர் வாங்கினால் இந்த வரியே கிடையாது.

நேரடியாக வாங்கினால் மலிவு. டீலரிடம் வாங்கினால் சட்டப் பாதுகாப்பு கூடுதல். அவர் வியாபாரி என்பதால், பொய் சொல்லி விற்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, பத்து லட்சம் வரை 200 ரூபாய். ஆனால் "பேட்டரி பக்கா சார்" என்று வாயால் சொன்னதை ஆணையத்தில் காட்ட முடியாது. பேட்டரி ஹெல்த் எத்தனை சதவீதம், வெள்ளத்தில் சிக்காத வண்டி, வாரண்டி எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள்.

யாரிடம் வாங்கினாலும் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்தோடு நிறுத்தாமல், ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறும் வரை விடாதீர்கள். ஆர்.சி.யில் பாங்க் பெயர் இருந்தால் அதை நீக்குவதற்கான படிவம் 35-ம் என்.ஓ.சி.யும் வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், இல்லையென்றால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

கடைசியாகச் செய்ய வேண்டியது, பணம் கைமாறும்போது விற்கிறவர் எதிரிலேயே. இந்தக் கார்களில் பல மொபைல் ஆப்போடு இணைந்தவை. பழைய உரிமையாளரின் போனில் அந்த இணைப்பு அப்படியே இருந்தால், உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். சில மாடல்களில் கதவைப் பூட்டித் திறக்கவும் அவரால் முடியும். அவர் போனில் காரை நீக்கச் சொல்லி, உங்கள் போனில் சேர்த்து, சார்ஜ் சதவீதம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு சாவியை வாங்குங்கள். இரண்டு சாவியும்.