போட்டியில் நிலைத்து நிற்க நிறுவனத்தின் உட்பண்பாடு உண்மையிலேயே உதவுமா?

இயந்திரமும் சம்பளமும் சரியாக இருந்தால் போதாதா, பண்பாடு என்பது மனிதவளத் துறையின் அலங்காரச் சொல்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். சுவரில் எழுதி மாட்டப்படும் பண்பாட்டைச் சொல்வதானால் உங்கள் ஐயம் நியாயமே. ஆனால் கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் கார் ஆலையின் கதை வேறு.

ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய அந்த ஆலை, சொல்லாமல் வேலைக்கு வராதிருப்பதற்கும் ஓயாத பூசலுக்கும் பெயர்பெற்று 1982இல் மூடப்பட்டது. டொயோட்டாவுடன் கூட்டாக, நும்மி என்ற பெயரில் 1984இல் அது மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே, சங்கமும் பழையதே. மாறியது நடைமுறை. வண்டிகளின் பாகங்களைப் பொருத்தும் ஓடும் வரிசைக்கு மேலே ஒரு கயிறு தொங்கியது. ஒரு போல்ட் சரியாகப் பொருந்தவில்லை என்று பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் இசை ஒலிக்கும், குழுத் தலைவர் உதவிக்கு வருவார், வண்டி அந்த இடத்தைக் கடப்பதற்குள் குறை தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். முன்போ வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். குறையோடு வண்டிகள் கடைசிவரை போகும். ஓரிரு ஆண்டுகளிலேயே தரம் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலையை நெருங்கியது.

அதே முறையை ஜெனரல் மோட்டார்ஸ் தன் வான் நைஸ் ஆலையிலும் புகுத்த முயன்றது. கயிறு வந்தது, இழுத்தவரைத் திட்டும் வழக்கம் போகவில்லை. அந்த ஆலை 1992இல் மூடப்பட்டது.

ஆகவே உங்கள் நிறுவனத்தில், பிழையை முதலில் சொல்லும் ஊழியருக்கு அடுத்த பத்து நிமிடங்களில் என்ன நேர்கிறது என்பதைக் கவனிப்பதிலிருந்து தொடங்குங்கள்.