வங்கி வீட்டை எடுக்க வந்தால் எந்த வக்கீலிடம் போவது?

கேள்வி: என் கணவரும் நானும் சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடனில் ஐந்து தவணை பாக்கி. 60 நாளில் முழுக் கடன் 25 லட்சத்தையும் கட்டச் சொல்லி வங்கி நோட்டீஸ் வந்து மூன்று வாரம் ஆகிறது. 40,000 ரூபாய் கொடுத்தால் சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொடுக்கலாமா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: கொடுக்காதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது, கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு இடமளிக்கும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ். இந்த நடவடிக்கைகளுக்குத் தடை விதிக்க சிவில் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று அதே சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொல்கிறது. அங்கே வழக்கு தள்ளுபடியாகும்போது பணத்தோடு நாளும் போயிருக்கும். இந்தச் சட்டத்தில் நாள்தான் எல்லாம்.

இப்போது தேவை வழக்கு அல்ல, ஆட்சேப மனு. கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்கி, நீங்கள் கட்டியதெல்லாம் வரவாகியிருக்கிறதா, அபராதக் கட்டணம் சரியா, தவணை 90 நாளுக்கு மேல் நின்ற பிறகுதான் வாராக்கடன் ஆக்கினார்களா என்று பாருங்கள். தவறு இருந்தால் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் தர வேண்டும். நிலுவைத் தவணையும் வட்டியும் மொத்தமாகக் கட்ட முடிந்தால் கணக்கு சீராகிவிடும். பாதி கட்டினால் ஆகாது. இதற்கு மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு உதவாது.

60 நாள் கடந்தால், வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸைக் கதவில் ஒட்டுவார்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். வீட்டில்தானே இருக்கிறோம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அது உங்களை வெளியேற்றாத, காகிதத்தில் மட்டுமான பெயரளவுச் சுவாதீனமாக இருந்தாலும், கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் (டி.ஆர்.டி.) 17-ஆவது பிரிவில் மனுப்போட அன்றிலிருந்து 45 நாள்தான்.

ஆகவே வக்கீல் டி.ஆர்.டி.யில் வழக்கமாக ஆஜராகிறவராக இருக்க வேண்டும். மதுரையிலேயே தீர்ப்பாயம் இருக்கிறது. சர்ஃபாசி மனுக்கள் நடத்தியிருக்கிறாரா, வாய்தாவுக்கு அவரே வருவாரா, ஜூனியரா என்று நேரடியாகக் கேளுங்கள். மனுத் தயாரிப்புக்கு, ஸ்டே மனுவுக்கு, ஒவ்வொரு வாய்தாவுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். கோர்ட் கட்டணம் தனி: 10 லட்சம் வரை லட்சத்துக்கு 500, அதற்கு மேல் லட்சத்துக்கு 250. உங்கள் 25 லட்சத்துக்கு 8,750 ரூபாய். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுகிறவரைத் தவிர்த்துவிடுங்கள். பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது. ஸ்டே கிடைத்தாலும் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி நிபந்தனை வைப்பது வழக்கம். கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டே மனுப்போடுங்கள்.

நீங்களும் கடன்தாரர் என்பதால் இன்னொரு வழியும் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இடமளிக்கிறது. நோட்டீஸ் நகலோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்கள் பெயரில் மனுக்கொடுங்கள். முழுக் கடனையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான், ஏல நாள் வரை அல்ல. நகையையோ நிலத்தையோ விற்றுக் கட்டும் எண்ணமிருந்தால் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.