மொட்டை எலிக்கு ஒரு துணை

அன்புள்ள ஐயா,

கொழும்பில் இருந்த சிநேகிதி வெளிநாடு போகும்போது தன்னுடைய இரண்டு மொட்டை எலிகளை என்னிடம் விட்டுப் போனாள். இரண்டும் பெட்டை. போன மாதம் ஒன்று செத்துவிட்டது. மற்றது மூலையில் சுருண்டு கிடக்கிறது. முதுகில் அங்கங்கே பொருக்கு. கூரைக்குள் பிடித்த எலிக்குஞ்சு ஒன்றைத் துணைக்கு விடுவோம் என்கிறான் தம்பி. அம்மா எலிக்காய்ச்சல் வரும், கொண்டுபோய்க் கொடு என்கிறா. தேங்காயெண்ணெய் பூசினால் தோல் ஆறுமா?

வாசகி, கொக்குவில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தக் குஞ்சு கூட்டுப் பக்கம் வராமல் பாருங்கள். கூரையில் ஓடித் திரிவது பெரும்பாலும் கறுப்பெலி. உங்களிடம் இருப்பது மயிர் இல்லாத வகைப் பழுப்பெலி. இனமே வேறு, ஒத்துப்போகாது. கடி விழுந்தால் தடுக்க மயிரும் இல்லை.

அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ள மாட்டேன். 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சலில் ஆட்கள் செத்ததை நாங்கள் எல்லோரும் அறிவோம். அந்தக் கிருமி எலியின் சிறுநீரோடு வெளியேறி, ஈரத்தில் தங்கி, காயம் கீறல் வழியாக மனிதருக்குள் போகிறது. கூட்டுக்குள் பிறந்து வளர்ந்த எலிக்கு அது சும்மா வராது. தொற்றிய இன்னொரு எலியிடம் இருந்தோ, வெளி எலியின் சிறுநீர் பட்ட தீனியிலோ தண்ணீரிலோ இருந்தோதான் தொற்ற வேண்டும். அம்மாவின் பயம் சரி, ஆள்தான் மாறிவிட்டது. இரவில் சிந்திய தீனியைத் தேடி வருகிறவருக்குத்தான் பயப்பட வேண்டும். கூட்டைக் கூரை வளைக்குக் கீழே வைக்காதீர்கள், மேலே இருந்தும் சிறுநீர் விழும். மிஞ்சிய தீனியைப் படுக்கமுன் எடுத்துவிடுங்கள். கூடு கழுவக் கையுறை, பிறகு சவுக்காரம். வீட்டில் யாருக்கும் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், எலி வளர்ப்பதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்.

ஆனால் துணை வேண்டும் என்ற அளவில் தம்பி சொல்வது நியாயம். எலி கூட்டமாக வாழும் பிராணி. வளர்ப்பவர்களிடம் இருந்து இன்னொரு பெட்டையை வாங்கி, இரண்டு கிழமை வேறு அறையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்துவிடுங்கள். மயிர் உள்ளதென்றாலும் பரவாயில்லை, அணைத்துக்கொண்டு படுக்க இன்னும் நல்லது. செத்ததை நினைத்து உங்களை நோகாதீர்கள்: சாதாரண வளர்ப்பு எலியே இரண்டு மூன்று வருடம்தான் இருக்கும், மொட்டை எலிகளுக்குப் பெரும்பாலும் அதிலும் குறைவு.

எண்ணெய் வேண்டாம். பூசிய கையோடு நக்கித் தின்றுவிடும், மிச்சத்தில் தூசி ஒட்டும். தோலே எண்ணெய் விடுகிற தோல். அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

இணையத்தில் படித்திருப்பீர்கள், மொட்டை எலிக்குக் குளிரும், சூடு கொடு என்று. அது பனி கொட்டும் நாட்டுக்காரர் எழுதியது. மார்கழி, தை வாடைக்கு அந்தப் புத்தி சரி. பழைய பருத்திச் சீலைத் துண்டுகள் போடுங்கள், நூல் பிரிந்தது மட்டும் வேண்டாம், விரலில் சுற்றி இறுக்கும். சித்திரை, வைகாசியில் கதை வேறு. எலிக்கு நம்மைப்போல உடம்பு வியர்க்காது, உடற்சூட்டில் ஒரு பங்கை வாலால் வெளியேற்றும். மத்தியானத்தில் தண்ணீரை உறையவைத்த போத்தலைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைத்தால் தானே போய்ச் சாய்ந்துகொள்ளும். ஃபான் காற்று நேரே படக்கூடாது. மற்ற எலிகளைவிடக் கூடத் தின்னும், கூடத் தண்ணீர் குடிக்கும், போத்தல் வற்றவிடாதீர்கள்.

தச்சுப்பட்டறை மரத்தூள் மலிவுதான், ஆனால் பைன் மரத்தூளின் வாடை எலியின் நுரையீரலுக்கு ஆகாது. தூசி கண்ணையும் கெடுக்கும், தடுக்க இமைமயிர் சரியாக இல்லை. பழைய பத்திரிகையைக் கிழித்துப் போடுங்கள். அந்த அறையில் நுளம்புத்திரியும் கொளுத்த வேண்டாம். நுளம்புவலையைக் கூட்டின்மேல் எட்டச் சுற்றிக் கட்டினால் போதும், ஒட்டியிருந்தால் எலி வலையைக் கடித்துவிடும்.

பொருக்கு நகக்கீறலாகவும் இருக்கலாம், உண்ணியாகவும் இருக்கலாம். மாட்டுக்குப் போடும் உண்ணி மருந்தான ஐவர்மெக்டினை யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். உங்கள் எலி அரைக் கிலோவும் வராது, மாட்டு மருந்தில் ஒரு துளி பிசகினால் முடிந்தது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் முதலில் நிறுக்கச் சொல்லுங்கள். எலியைப் பார்த்துப் பழக்கமில்லை என்றால், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் கேட்டு அளவு சொல்ல முடியுமா என்று அவரையே விசாரிக்கலாம். பேராதனைக்கு ஏ9 வீதி முழுக்க எலியைக் கொண்டு அலைவதைவிட அது சுகம்.