கேள்வி – பதில்: பேட்ஸி கிளைனின் பன்னிரண்டு பாடல்கள்

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி பேட்ஸி கிளைன் (1932–1963) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: கன்ட்ரி இசை எனக்குப் புதிது. பேட்ஸி கிளைனை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

பதில்: அவர் விமான விபத்தில் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1967-இல் டெக்கா நிறுவனம் வெளியிட்ட 'பேட்ஸி கிளைன்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பிலிருந்து. இசைத்தட்டின் பக்கத்துக்கு ஆறாக 12 பாடல்கள். பெரும்பாலானவை மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதிகளுக்கான வைரச் சான்று பெற்ற தொகுப்பு இது.

தட்டில் இருக்கும் வரிசையில் கேட்க வேண்டியதில்லை. 'ஐ ஃபால் டு பீசஸ்' (நவம்பர் 1960), 'கிரேஸி' (ஆகஸ்ட் 1961), 'ஷீஸ் காட் யூ' (டிசம்பர் 1961) மூன்றையும் பதிவான வரிசையில் முதலில் கேளுங்கள். பதின்மூன்றே மாதங்களில் அவர் தன் குரலிலிருந்து எவ்வளவு அலங்காரத்தைக் கழற்றி வைத்தார் என்பது தெரியும். பிறகு 'ஸ்வீட் ட்ரீம்ஸ்', 'ஃபேடட் லவ்'. இவை 1963 பிப்ரவரியில், அவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு பதிவானவை. 'பேக் இன் பேபிஸ் ஆர்ம்ஸ்' கேட்க இதமான பாட்டு, அவ்வளவுதான். அவசரம் என்றால் தாண்டிப் போகலாம்.

கேள்வி: 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று அச்சிட்ட ஒரு மலிவுப் பதிப்பு வாங்கினேன். அதில் 'கிரேஸி'யே இல்லை. குரல் அவருடையதுதான், பாடல்கள் மனதில் நிற்கவில்லை. போலியா?

பதில்: போலி இல்லை, காலம்தான் வேறு. 1954-இல் அவர் ஃபோர் ஸ்டார் என்ற நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்த நிறுவனத்துக்குப் பதிப்புரிமை உள்ள பாடல்களை மட்டுமே பாட வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல பாடலாசிரியர் ஒருவர் வெளியிலிருந்து வந்து பாட்டு கொடுத்தாலும் பாட முடியாது. 1960 வரை இந்த நிலைதான். அந்த ஆண்டுகளில் பதிவான சுமார் ஐம்பது பாடல்களில் பெரிய வெற்றி கண்டது 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' ஒன்றே.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் காலத்திலும் ஒலிப்பதிவை நடத்தியவர் பெரும்பாலும் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லிதான். நகரம் கன்ட்ரி இசையின் மையமான அதே நாஷ்வில், ஒலிப்பதிவுக் கூடமும் அவருடையதுதான். ஆகவே குறை பாடகியிடமோ தயாரிப்பாளரிடமோ இல்லை, கையில் கொடுக்கப்பட்ட பாடல்களில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்து நேரடியாக டெக்காவுக்குப் போனதும், ஹாங்க் காக்ரன், ஹார்லன் ஹோவர்ட், வில்லி நெல்சன் போன்ற பாடலாசிரியர்களின் பாடல்கள் வந்து சேர்ந்தன. பிறகு நடந்தது ஊரறிந்தது.

ஃபோர் ஸ்டார் பதிவுகள் கைமாறிக் கைமாறி எண்ணற்ற மலிவுத் தொகுப்புகளாக வந்திருக்கின்றன. வாங்கும் முன் அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். 'கிரேஸி', 'ஐ ஃபால் டு பீசஸ்', 'ஷீஸ் காட் யூ' மூன்றும் இல்லாமல் 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால், அது 1955–60 சரக்கு. இணையத்தில் கேட்பவர்கள் பதிவான ஆண்டைப் பார்க்கவும். வெளியீட்டு ஆண்டு மறுபதிப்புக்கு மறுபதிப்பு மாறும் என்பதால் அதை நம்ப முடியாது.

கேள்வி: 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' இரண்டு விதமாகக் கேட்கக் கிடைக்கிறது. எது அசல்?

பதில்: இரண்டுமே அவர் பாடியவை. முதலாவது 1956 நவம்பரில் பதிவானது. 1957 ஜனவரியில் ஆர்தர் காட்ஃப்ரியின் தொலைக்காட்சிப் போட்டியில் இதைப் பாடி வென்ற பிறகுதான் நாடு முழுக்க அவர் பெயர் தெரிந்தது. இதில் டான் ஹெல்ம்ஸின் ஸ்டீல் கிதார் குரலோடு வம்பளப்பதுபோல் கூடவே வரும். இரண்டாவது 1961 மறுபதிவு. பின்னணியில் ஜார்டனேர்ஸ் ஆண்கள் குழு பாடும், எல்லாம் வழவழப்பாக இருக்கும். 1967 தொகுப்பில் உள்ளது இந்த மறுபதிவுதான். என் ஓட்டு பழையதற்கு. அந்த ஒரு பாட்டுக்காக ஃபோர் ஸ்டார் தொகுப்பு ஒன்று கையில் இருப்பதில் தவறில்லை.

கேள்வி: 'கிரேஸி'யை எல்லோரும் புகழ்கிறார்கள். அதில் எதைக் கவனித்துக் கேட்பது?

பதில்: முதல் முறை குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுவதைக் கேளுங்கள். பாப் மூரின் பெரிய மர பேஸ் (அடிநாதக் கம்பி வாத்தியம்) ஒவ்வொரு சுரத்தையும் இடும்போது, அதே சுரத்தை ஹரால்ட் பிராட்லி ஆறு கம்பி மின் பேஸில், கம்பியை உள்ளங்கையால் அமுக்கியபடி தட்டுவார். 'டிக்-டாக்' என்று கடிகாரம்போல் கேட்பதால் அந்த வாசிப்புக்கே நாஷ்வில்லில் அதுதான் பெயர். இது வெறும் அழகுக்காக அல்ல. சின்ன ஒலிபெருக்கியில் மர பேஸின் அடிநாதம் காணாமல் போகும், இந்தத் தட்டல் போகாது. கார் ரேடியோவிலும் தாளம் தெளிவாக விழுந்தது இதனால்தான்.

இரண்டாம் முறை ஃப்ளாய்ட் கிரேமரின் பியானோ. குரல் ஓயும் இடைவெளிகளில் மட்டும் அது பேசும். கீழ்ச் சுரத்தைத் தொட்டு உரிய சுரத்துக்கு வழுக்கி ஏறுவது அவர் பாணி. நம் காதுக்கு ஜாருபோலவே இருக்கும்.

மூன்றாம் முறை குரல். பாட்டை எழுதிய வில்லி நெல்சனின் மாதிரிப் பதிவு தாளத்துக்குப் பின்தங்கி, பேசுவதுபோலப் போகும். அது முதலில் பேட்ஸிக்குப் பிடிக்கவில்லை. அவர் அதைப் பின்பற்றாமல் சொற்களை நேராக நிறுத்திப் பாடினார். வரியின் இறுதியை மட்டும் இழுத்து, குரலை லேசாக உடைத்துவிடுவார். நெஞ்சுக் குரலிலிருந்து தலைக் குரலுக்குத் தாவும் அந்த நொடியைத்தான் கன்ட்ரி ரசிகர்கள் 'அழுகை' என்கிறார்கள்.

இன்னொரு செய்தி. 1961 ஜூன் 14 அன்று கார் விபத்தில் அவர் படுகாயமடைந்தார். ஆகஸ்ட் 21 ஒலிப்பதிவின்போதும் விலா எலும்பு வலி தீரவில்லை, உச்ச சுரங்களைப் பிடிக்க மூச்சு ஒத்துழைக்கவில்லை. மூன்று மணி நேரத்தில் நான்கு பாட்டு முடிப்பது அங்கே வழக்கம். அன்று நான்கு மணி நேரம் போனது இந்த ஒரு பாட்டுக்கே. கடைசியில் வாத்தியங்களை மட்டும் பதிந்து வைத்துக்கொண்டு, சில வாரங்களில் அவர் திரும்பி வந்து அதன்மேல் பாடினார்.

கேள்வி: வயலின் கூட்டமும் கோரஸும் இருக்கின்றன. இது கன்ட்ரிதானா?

பதில்: அந்த நாளிலேயே நடந்த சண்டை இது. ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி தட்டுகளின் விற்பனையை அரித்தபோது, நாட்டுப்புற ஃபிடிலை ஒதுக்கி, வாத்தியக் குழு வயலின்களையும் மென்மையான கோரஸையும் கொண்டுவந்தவர்களில் ஓவன் பிராட்லி முக்கியமானவர். இதை 'நாஷ்வில் சவுண்ட்' என்பார்கள். கோரஸ் தன் குரலை அமுக்கிவிடும் என்று பேட்ஸியே முதலில் தயங்கினார். 'ஐ ஃபால் டு பீசஸ்' கன்ட்ரி பட்டியலில் முதலிடமும் பாப் பட்டியலில் 12-ஆம் இடமும் பிடித்ததும் விவாதம் அடங்கியது. எனக்கு 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' வயலின்கள் கொஞ்சம் அதிகம்தான். குரல் அதைத் தாங்குகிறது.

கேள்வி: மேடையில் 'கிரேஸி' பாடுகிறேன். தொடக்கம் சரியாக வருகிறது, கடைசியில் தொண்டை இறுகுகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் சுருதித் தேர்வுதான் காரணம். பேட்ஸியின் பதிவு ஆறரைக் கட்டையில் தொடங்கி, இறுதிப் பகுதியில் ஏழு கட்டைக்கு ஏறுகிறது. பலர் முதல் வரியை மட்டும் பாடிப் பார்த்துச் சுருதி முடிவு செய்கிறார்கள். கடைசியில் வரும் அந்த அரைக் கட்டை கழுத்தைப் பிடிக்கிறது.

முதலில் பாட்டின் ஆகக் கீழ்ச் சுரத்தைப் பாடுங்கள். அது முணுமுணுப்பாக இல்லாமல் ஒலியாக வர வேண்டும். அடுத்து நடுப்பகுதியின் உச்சத்தை, அரைக் கட்டை கூட்டி, மூன்று தடவை தொடர்ந்து பாடுங்கள். மூன்றாவதிலும் தளர்வாக இருந்தால் அந்தச் சுருதி உங்களுக்கானது. இல்லையென்றால் அரை அரைக் கட்டையாக இறக்குங்கள். இறக்கினால் கீழ்ச் சுரம் காணாமல் போகிறது என்றால், இறுதி ஏற்றத்தை வெட்டிவிடச் சொல்லி வாத்தியக்காரர்களிடம் பேசிக்கொள்ளலாம். பாட்டுக்கு அதனால் பழுதில்லை.

மூச்சை ஒவ்வொரு நீண்ட கார்வைக்கும் முன்னால் எடுங்கள், நடுவில் வேண்டாம். 'அழுகை'யை நகல் எடுக்க வேண்டாம். வரிக்கு வரி உடைத்தால் விக்கலாகிவிடும். பேட்ஸி அதை எத்தனை சிக்கனமாகப் பயன்படுத்துகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: 1967 இசைத்தட்டு பழையதாகக் கிடைக்கிறது. மோனோவா, ஸ்டீரியோவா? எப்படிச் சோதிப்பது?

பதில்: டெக்கா இரண்டையும் வெளியிட்டது. தட்டின் எண் இரண்டுக்கும் ஒன்றே, அதன் முன்னால் 7 சேர்ந்திருந்தால் ஸ்டீரியோ. நடுவட்டத்தில் டெக்காவுக்குப் பதில் எம்.சி.ஏ. என்ற நிறுவனப் பெயர் இருந்தால் 1973-க்குப் பிந்தைய அச்சு. அது தரம் குறைந்ததல்ல, ஆனால் முதல் அச்சின் விலை கொடுக்காதீர்கள்.

ஒலியைச் சோதிக்க முதல் பாட்டைப் போடாதீர்கள். நடுவட்டத்துக்கு அருகில் பள்ளம் நெருக்கி வளைவதால் தேய்மானம் அங்கேதான் முதலில் காதில் விழும். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஸ்ட்ரேஞ்ச்', மறு பக்கத்தின் கடைசி 'லீவிங் ஆன் யுவர் மைண்ட்'. 'ஸ்ட்ரேஞ்ச்' என்ற சொல்லின் 'ஸ்' சுத்தமாக வந்தால் வாங்கலாம். மணலைத் தேய்ப்பதுபோல் கரகரத்தால், கழுவினாலும் போகாத தேய்மானமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கேள்வி: 1985-இல் வந்த அவரது வாழ்க்கைப் படத்தின் பாடல் தொகுப்பு வாங்கலாமா?

பதில்: 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' படத்தில் நடித்தவர் ஜெசிகா லாங், குரல் பேட்ஸியுடையதுதான். ஆனால் குரலை மட்டும் எடுத்துப் புதிய வாத்தியங்களைச் சேர்த்தார்கள். மேலே சொன்ன டிக்-டாக்கையும் கிரேமரையும் தேடினால் ஏமாற்றம்தான்.

கேள்வி: பன்னிரண்டும் மனப்பாடம் ஆகிவிட்டது. அடுத்து?

பதில்: வாழ்நாளில் வந்த மூன்று ஆல்பங்களில் 'ஷோகேஸ்' (1961), 'சென்டிமென்டலி யுவர்ஸ்' (1962) இரண்டும். எல்லாமே வேண்டும் என்பவர்களுக்கு 1991-இல் வந்த நான்கு குறுந்தட்டுப் பெட்டி, 104 பதிவுகள். ஒப்பனையில்லாத குரல் வேண்டும் என்றால், 1961 ஜூலை 29 அன்று ஓக்லஹோமாவின் டல்சா நகரில், சிமரான் பால்ரூமில் நடந்த கச்சேரியின் பதிவு. 1997-இல்தான் வெளியானது. ஒலித்தரம் சுமார். கார் விபத்து நடந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை, இடையிடையே ரசிகர்களிடம் அதைப் பற்றியும் பேசுகிறார். 'கிரேஸி'யை அதில் தேடாதீர்கள். அதன் ஒலிப்பதிவு தொடங்கியதே மூன்று வாரம் கழித்துத்தான்.